கரையோர வணிகமும் தொடர்புச் சேவையும்

முன்னுரை

மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையும் பண்டுதொட்டு வணிகத்தாற் பெயர்பெற்றவை. மாதோட்டத் துறையிற் பிறநாட்டுக் கலங்கள் வந்து தங்கியதையும், அரிப்புக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்றதையும் வரலாறு கற்றோர் அறிவர். வணிகம் நடக்கும் இடத்திற்குச் செய்தி விரைந்து வருதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையையும் இந்தியாவையும் தந்தியால் இணைக்க முயன்றோர் இம்மன்னார்க் கடலின் வழியாகவே கம்பியை இட்டனர். 1914ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. கொழும்பிலிருந்து புறப்பட்ட கடிதம் அவ்வழியே இந்தியாவை அடைந்தது.

இத்தொடர்புகள் ஒவ்வொன்றும் அறுந்துபோன காலமும் உண்டு. 1964 திசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் மூண்ட போரினாற் புகையிரதம் நின்றது, பாலம் தகர்ந்தது, தொலைபேசி பல ஆண்டுகள் அரும்பொருளாயிற்று. 2010ஆம் ஆண்டிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டிலே தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டது. இன்று பேசாலையிற் கருவாடு விற்பவரும், நானாட்டானிற் தையற்கடை வைத்திருப்பவரும், மன்னார் நகரில் விடுதி நடத்துபவரும் கைத்தொலைபேசி ஒன்றினாலேயே தம் வணிகத்தை நடத்துகின்றனர்.

தமிழாசிரியராகிய நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் வினவக்கூடும். காரணம் எளிது. நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிச் சிறுதொழில் தொடங்கியோர், ஒப்பந்தத் தாள் ஒன்றைக் கையிலேந்தி, “இதில் எழுதியிருப்பதன் கருத்து என்ன?” என்று நம்மிடம் வருகின்றனர். பெரும்பாலும் கையொப்பம் இட்ட பின்னரே வருகின்றனர். கையொப்பம் இடுமுன் அறியவேண்டியவற்றை ஒரு பாடமாகத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடர்பு விலையை ஆளுமாறு

நல்ல தொலைபேசிச் சேவை வணிகனுக்கு உண்மையில் யாது பயன் தரும்? இதனை ஊகத்தாற் கூறவேண்டுவதில்லை. நம் கரையை ஒத்த ஒரு கரையில் அது அளந்தறியப்பட்டுள்ளது.

கேரளத்தின் வடகரையிலே மத்தி பிடிப்போர் பலர். நாம் சாளை என வழங்கும் மீனினத்தை அவர் மத்தி என்பர். அக்கரையிற் கைத்தொலைபேசிச் சேவை 1997ஆம் ஆண்டிற் கோழிக்கோட்டுப் பகுதிக்கும், 1998இற் கண்ணூர்ப் பகுதிக்கும், 2000இற் காசர்கோட்டுப் பகுதிக்கும் படிப்படியாக வந்தது. முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டு, ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். தொலைபேசி வருமுன் ஒரு துறையில் மீன் மிகுந்து, வாங்குவாரின்றிக் கடலிற் கொட்டப்பட்டது; அதே காலைப்பொழுதிற் சில கிலோமீற்றர் அப்பாலுள்ள துறையில் மீனின்றி வாங்குவோர் திரும்பிச் சென்றனர். பிடிபட்ட மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 வரையான பங்கு இவ்வாறு வீணாயிற்று. தொலைபேசி வந்த பின்னர் மீனவர் படகிலிருந்தவாறே துறைதோறும் விலை கேட்டறிந்து, விலையுள்ள துறைக்குப் படகைச் செலுத்தினர். வீண் பெரும்பாலும் ஒழிந்தது. மீனவரின் இலாபம் ஏறத்தாழ நூற்றுக்கு 8 கூடியது. வாங்குவோர் கொடுத்த விலையோ நூற்றுக்கு 4 குறைந்தது. இருசாராரும் நயமடைந்தனர் என்பது இங்கே நோக்கத்தக்கது.

இதன் மறுதலையையும் எண்ணுதல் வேண்டும். விலை கேட்டறியும் வழி உள்ளவன் விலை பேசுவான். அவ்வழி அறுந்தவன் பிறர் சொன்ன விலைக்குக் கொடுப்பான். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி இயங்காதொழியின், கரையில் நிற்கும் ஒரே வியாபாரி கூறுவதே விலையாகும். ஆதலின் தொடர்புச் சேவையின் தரம் ஒரு குடும்பத்தின் அன்றாட வரும்படியைத் தொடும் பொருளாகும்.

நம் கரையின் இயல்பு

கொழும்பில் நன்கு இயங்கும் சேவை இங்கும் அவ்வாறே இயங்கும் என்று கொள்ளலாகாது. இக்கரைக்கே உரிய இயல்புகள் நான்கு உள.

முதலாவது, நிலவமைப்பு. மன்னார்த் தீவு குறுகி நீண்டது. ஒரு முனையில் நகரமும் மறுமுனையிலே தலைமன்னாரும் உள. தீவு பெருநிலத்தோடு ஒரே கடற்பாதையால் இணைந்துள்ளது. கரையோரமாக வடக்கே விடத்தல்தீவு, இலுப்பைக்கடவையும், தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, முள்ளிக்குளமும் ஒன்றற்கொன்று தொலைவில் அமைந்துள்ளன. கோபுரத்திற்கு அண்மையிலுள்ள ஊருக்கும் இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட ஊருக்கும் சேவையில் வேறுபாடு பெரிது.

இரண்டாவது, உப்பும் காற்றும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்புத் துளியும் மணலும் எங்கும் படியும். செம்புக் கம்பியின் பொருத்துகளும், கூரைமேலுள்ள அலைவாங்கியின் இணைப்புகளும் இதனால் விரைவிற் களிம்பேறிக் கெடும். வாடைக் காலத்து மழையில், முன்னரே நலிந்த இணைப்பு முற்றாகச் செயலற்றுப்போம்.

மூன்றாவது, அயல்நாட்டு அலை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்க் கடலே உள்ளது. கடலில் மறைப்பின்மையால் அக்கரைக் கோபுரங்களின் அலை இக்கரைத் தொலைபேசிகளில் ஏறுவதுண்டு. தொலைபேசி தானாகவே இந்திய வலையமைப்பைப் பற்றிக்கொள்ளின், அழைப்பும் டேட்டாவும் வெளிநாட்டுக் கட்டணத்திற்கு உட்படும். தீவின் மேற்கு முனையிலும் கடலிலும் தொழில் செய்வோர், தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் ‘ரோமிங்’ என்பதை நிறுத்தி, வலையமைப்பைத் தாமே தெரிவு செய்து வைத்தல் வேண்டும்.

நான்காவது, மின்சாரம். 2022ஆம் ஆண்டிலே நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே தடைப்பட்டன. கோபுரங்களிற் பற்றரிகள் உள. ஆயினும் அவை தாங்குவது சில மணித்தியாலமே. எனவே தொடர்பைத் தேர்வோன் மின்சாரத்தையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

சேவையின் வகைகள்

இன்று கிடைக்கும் சேவைகளைக் கம்பிவழி, கோபுரவழி, விண்வழி என மூன்றாகப் பகுக்கலாம்.

கம்பிவழிச் சேவை இருவகைப்படும். பழைய செம்புக் கம்பியில் ஒரு நன்மை உண்டு: சாதாரண தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே வருதலின், வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் அது ஒலிக்கும். ஆயின் இணையத்திற்கு அது வேகம் குறைந்தது, உப்புக்கும் ஈடுகொடாது. பைபர் என வழங்கும் கண்ணாடி இழையோ வேகமும் உறுதியும் உடையது, கண்ணாடியாதலின் களிம்பேறாது. ஆயினும் கடையிற் பொருத்தப்படும் அதன் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் இணையமும், அதனோடு இணைந்த 023 எனத் தொடங்கும் தொலைபேசியும் ஒருங்கே நிற்கும். பைபர் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. ஊருக்கு வந்ததேனும் ஒழுங்கைக்கு வந்துள்ளதா என்று வினவுதல் வேண்டும்.

கோபுரவழிச் சேவை என்பது சிம் அட்டையால் இயங்குவது. கைத்தொலைபேசியும், சிம் இட்டு இயக்கும் ரவுட்டரும் இவ்வகையின. இடம்விட்டு இடம் கொண்டுசெல்லலாம். படகிலும் வாடியிலும் பயன்படும். ஆயின் ஒரு கோபுரத்தின் வலிமையை அதனைச் சூழ்ந்த அனைவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். பலர் ஒரேவேளையிற் பயன்படுத்தினால் ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது சுருங்கும்.

விண்வழிச் சேவை நம் நாட்டிற்குப் புதியது. ஸ்டார்லிங்க் என்னும் சேவை 2025 யூலையில் இலங்கையில் தொடங்கியது. கோபுரமும் கம்பியும் எட்டாத இடத்திற்கு இது உதவும். ஆயின் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் சிறுவணிகர்க்குப் பாரமானவை. வானம் மறைப்பின்றித் தெரியுமிடம் வேண்டும். இதற்கும் மின்சாரம் இன்றியமையாதது. பலர் கூடித் தொழில் செய்யும் இடத்திற்கு இது பொருந்தலாம். தனிக்கடைக்கு இதனை இறுதியாகவே எண்ணுதல் தகும்.

நால்வகைத் தேர்வு

வள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, அரசன் ஒருவனை வினைக்கு அமர்த்துமுன் அவனை நான்கு வகையால் ஆராயவேண்டும் என்றார். சேவையைத் தேர்வதற்கும் நாம் நான்கு தேர்வுகளைக் கூறுவோம்.

ஒன்று, இடத்தேர்வு. விற்பனை முகவர் காட்டும் படத்தில் ஊர் முழுவதும் நிறந்தீட்டப்பட்டிருக்கும். அதனை நம்பற்க. கடையில் எவ்விடத்தில் அமர்ந்து தொழில் செய்கின்றீரோ அவ்விடத்திலேயே சோதித்தல் வேண்டும். தகரக் கூரையும் கொங்கிறீற்றுச் சுவரும் அலையைத் தடுக்கும். வாசலில் நன்றாகக் கேட்கும் தொலைபேசி உள்ளறையில் ஊமையாவது இதனாலேயே.

இரண்டு, காலத்தேர்வு. தொழில் நடக்கும் நேரத்திற் சோதித்தல் வேண்டும். மீன் விற்போனுக்கு விடியற்காலை. விடுதி நடத்துவோனுக்கு இரவு. இரவு 7 மணி முதல் 10 மணி வரை யாவரும் இணையத்திலிருப்பர். அப்போது வேகம் குன்றாதது நல்ல சேவை. அன்றியும், மகாசிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்திலும், ஆவணித் திருவிழாவில் மடுவிலும் திரளும் அடியார் தொகையைக் கோபுரங்கள் தாங்குமாறு எங்ஙனம் என்பதையும் அவ்விடங்களில் வணிகஞ் செய்வோர் அறிந்திருத்தல் நன்று.

மூன்று, இடர்த்தேர்வு. மின்வெட்டு நேரத்தில் ஓர் அழைப்பு எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு மணித்தியாலத்தின் பின்னும், மூன்று மணித்தியாலத்தின் பின்னும் மீண்டும் பார்த்தல் வேண்டும். கடந்த புயலில் எந்தச் சேவை நின்றது, எது முதலில் மீண்டது என்று அயற்கடைக்காரரை வினவுதல் வேண்டும். இவ்வினாவிற்கு அவர் தரும் விடை எந்த விளம்பரத்திலும் உண்மையானது.

நான்கு, ஆள்தேர்வு. பழுது நேர்ந்தால் வருபவர் யார்? எங்கிருந்து வருவார்? எத்தனை நாளில் வருவார்? கிளை மன்னார் நகரில் உளதா, வவுனியாவில் உளதா? முறைப்பாட்டைத் தமிழிற் கேட்பார் உளரா? இவற்றிற்குத் தெளிவான விடை கூறாத சேவை மலிவாயினும் கொள்ளற்பாலதன்று.

இத்தேர்வுகளை ஒரு நாளில் முடித்தல் ஆகாது. முற்கட்டண சிம் அட்டைகளைச் சிறுதொகைக்கு வாங்கியோ, அயலாரிடம் இரவல் பெற்றோ, 14 நாள் சோதித்தல் வேண்டும். ஒரு கொப்பியில் நாள், நேரம், இடம், அழைப்பு இடையில் அறுந்ததா, இணையவேகம் யாது என்பவற்றைக் காலை, மாலை, இரவு என மும்முறை குறித்துவருக. பதினான்காம் நாளில் அக்கொப்பியே உமக்கு விடை கூறும். ஆழமறியாமற் காலைவிடாதே என்பது கடலோரத்தார்க்குச் சொல்லித் தரவேண்டிய பழமொழியன்று.

விளம்பரச் சொற்களின் பொருள்

இனி, நம் துறையாகிய சொல்லாராய்ச்சிக்கு வருவோம். விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் வருஞ் சொற்கள் சிலவற்றின் பொருளை உணராமையாலேயே பலர் ஏமாறுகின்றனர்.

‘வரை’ என்பது ஒன்று. “வினாடிக்கு 100 மெகாபிட் வரை” எனில், அது மேலெல்லை; கீழெல்லை அன்று. 5 மெகாபிட் கிடைப்பினும் அவர் கூற்றுப் பொய்யாகாது. எனவே, “குறைந்த அளவு யாது?” என்று வினவுதல் வேண்டும்.

‘மெகாபிட்’ என்பது மற்றொன்று. எட்டுப் பிட் கூடியது ஒரு பைற். படத்தின் அளவை மெகாபைற்றிலும், வேகத்தை மெகாபிட்டிலும் கூறுவர். 3 மெகாபைற் அளவான ஒரு படம் 24 மெகாபிட் ஆகும். ஏற்றுவேகம் வினாடிக்கு 2 மெகாபிட் எனின், அதனை அனுப்ப 12 வினாடி செல்லும். விளம்பரங்கள் பெரும்பாலும் இறக்குவேகத்தையே கூறும். படம் அனுப்பி விற்போனுக்கு ஏற்றுவேகமே முதன்மையானது.

‘வரையறையற்ற’ என்பது இன்னொன்று. இச்சொல்லின் அருகே சிறு குறியிட்டு, ‘நியாயமான பயன்பாட்டிற்கு உட்பட்டது’ என அடியில் எழுதியிருப்பர். குறித்த அளவைக் கடந்ததும் வேகம் குறைக்கப்படும் என்பதே அதன் பொருள். அவ்வாறே, மொத்த டேட்டாவில் ஒரு பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படுத்தற்குரியதாக இருக்கும். பகலிற் கடை திறப்பவனுக்கு நள்ளிரவு டேட்டாவாற் பயன் சிறிதே.

‘இலவசம்’ என்பது ஆராயத்தக்க சொல். ரவுட்டர் இலவசம் எனில், எத்தனை மாதம் கட்டுப்பட்டிருத்தல் வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு செலுத்துதல் வேண்டும் என்று பார்க்க.

‘வரிகள் நீங்கலாக’ என்பது கடைசி. 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. வேறு வரிகளும் உள. எனவே மாதமுடிவிற் செலுத்தும் முழுத்தொகையை எழுத்தில் எழுதித் தருமாறு கேட்டல் முறை. எழுதித் தர மறுப்பவரிடம் கையொப்பமிட அவசரப்படவேண்டா.

இரு வழிகளின் கணக்கு

இத்துணையும் கூறியதன் பின் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. எத்துணை நல்ல சேவையாயினும் ஒருநாள் நிற்கும். ஆதலின் நம்பகம் என்பது ஒரு நல்ல சேவையைக் கண்டுபிடிப்பதில் மட்டும் இல்லை. ஒன்றற்கொன்று தொடர்பற்ற இரு வழிகளை வைத்திருப்பதிலே உள்ளது.

இதனைக் கணக்காற் காட்டுவோம். ஒரு சேவை நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்குகிறது எனக் கொள்க. கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆயின் ஓர் ஆண்டுக்கு 8,760 மணித்தியாலம்; அதில் நூற்றில் ஒரு பங்கு 87 மணித்தியாலத்திற்கு மேல். அதாவது ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேலாகத் தொடர்பில்லை. ஒரு நாள் தொடர்பின்மையால் 5,000 ரூபா இழக்கும் கடைக்கு இது 18,000 ரூபாவுக்கு மேற்பட்ட இழப்பு. இனி, இதே தரமுள்ள இரண்டாவது சேவை ஒன்றையும் வைத்திருப்பின், இரண்டும் ஒரேவேளையில் நிற்பது நூற்றில் ஒன்றின் நூற்றில் ஒன்று. அஃதாவது ஆண்டில் ஒரு மணித்தியாலத்திற்கும் குறைவு. இரண்டாவது சிம்மிற்கு மாதந்தோறும் இடும் சிறுதொகை இந்த இழப்போடு ஒப்பிடுகையில் அற்பமானது.

ஆயின் இக்கணக்கு மெய்யாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரு வழிகளும் உண்மையிலேயே வேறு வேறாக இருத்தல் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பெயர் இரண்டாயின் வழியும் இரண்டென்று கருதுகின்றனர். அண்மை ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. எதிசலாத் 2018ஆம் ஆண்டில் ஹட்ச் நிறுவனத்தோடு இணைந்தது. எயார்ரெல் இலங்கை நிறுவனத்தை 2024 யூனில் டயலொக் வாங்கியது. இலங்கை ரெலிகொமும் மொபிற்றெலும் ஒரே குடும்பத்தின. ஆகவே இன்று கைத்தொலைபேசியில் மூன்று குடும்பங்களே உள. 070, 071 என்பன எஸ்.எல்.ரி. மொபிற்றெலுக்கும், 072, 078 என்பன ஹட்சிற்கும், 074, 076, 077 என்பனவும், எயார்ரெலுக்கு உரியதாயிருந்த 075 என்பதும் டயலொக்கிற்கும் வகுக்கப்பட்ட எண்கள். 077 எண்ணோடு 075 எண்ணை வைத்திருப்பவர் தம்மிடம் இரு வழி உண்டென்று எண்ணுதல் பிழை.

குடும்பம் வேறாயினும் கோபுரம் ஒன்றாக இருக்கக்கூடும். ஒரு கோபுரத்திற் பல நிறுவனத்தார் தம் அலைவாங்கிகளைப் பொருத்துவதுண்டு. ஆதலின் இயன்றவிடத்து ஒன்று கம்பிவழியாகவும் மற்றொன்று வேறொரு குடும்பத்தின் கோபுரவழியாகவும் இருத்தல் சிறப்பு. பைபர் இல்லாத ஊரில், இரு குடும்பத்துச் சிம் அட்டைகளை ஒரே தொலைபேசியில் இட்டு, ஒன்றை அழைப்பிற்கும் மற்றொன்றை டேட்டாவிற்கும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று நின்றால் மற்றொன்று இரண்டையும் செய்யும்.

மின்சாரத்திற்கும் இதுபோல இரண்டாம் வழி வேண்டும். ரவுட்டர் பெரும்பாலும் 12 வாற் அளவே மின்சாரம் உண்ணும். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி கொண்ட சிறு பற்றரி 84 வாற்-மணி தரும். கணக்கின்படி 7 மணித்தியாலம், வழக்கில் 5 மணித்தியாலம் ரவுட்டரை இயக்கும். நேர் மின்னோட்டத்திலேயே இயங்கும் சிறு யூ.பி.எஸ். கருவிகள் கடைகளிற் கிடைக்கின்றன. வாங்குமுன் ரவுட்டரின் வோல்ற் அளவோடு பொருந்துகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

எண் யாருடையது?

வணிகத்தின் பெயர்ப்பலகையில் எழுதிய தொலைபேசி எண் ஒரு சொத்து. அதனைப் பலர் வேலையாளின் பெயரிலோ, உறவினர் பெயரிலோ, சிம் விற்றவர் பெயரிலோ விட்டுவிடுகின்றனர். வேலையாள் விலகும்போது எண்ணும் விலகும். ஆண்டாண்டாய்ச் சேர்ந்த வாடிக்கையாளரும் விலகுவர். வட்ஸ்அப் கணக்கும் அவ்வெண்ணையே பற்றியிருக்கும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண்ணும் அவ்வெண்ணுக்கே வரும். எனவே சிம் உரிமையாளரின் அடையாள அட்டையிற் பதிவாகியுள்ளதா என்று இன்றே உறுதிசெய்க. அக்கடவெண்ணை வங்கியார் எனக் கூறி யார் கேட்பினும் சொல்லற்க. வங்கி அதனைக் கேட்பதில்லை.

கருவி வாங்குவோரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். *#06# என அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும். ‘ஐ.எம்.ஈ.ஐ.’ என ஆங்கில எழுத்தில் இட்டு, இடைவெளி விட்டு, அவ்வெண்ணை எழுதி 1909 என்னும் இலக்கத்திற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அக்கருவி பதிவானதா என விடை வரும். பதிவில்லாத கருவியை மலிவென்று வாங்கி வணிகத்தை அதன்மேல் வைத்தல் மணல்மேற் சுவர் எழுப்புவதாகும்.

முறைப்பாடு எழுதும் முறை

சேவை குன்றியபோது தொலைபேசியிற் சினந்து பேசுவதாற் பயன் சிறிது. எழுத்தே சான்று. முறைப்பாட்டில் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும்: இணைப்பு எண், சேவை நின்ற நாளும் நேரமும், மீண்ட நாளும் நேரமும், முன்னர் அறிவித்தபோது தரப்பட்ட முறைப்பாட்டு இலக்கம், நீர் வேண்டும் பரிகாரம். முன்னர்க் கூறிய கொப்பி இங்கே கைகொடுக்கும். வசைமொழி வேண்டா, அடைமொழியும் வேண்டா. “பலமுறை நின்றது” என்பதிலும் “மார்ச் மாதத்தில் 6 நாள், மொத்தம் 31 மணித்தியாலம் நின்றது” என்பது வலிமையுடையது.

முதலில் நிறுவனத்திற்கு எழுதுக. அவர் உரிய விடை தாராவிடின், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நிறுவப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற்கு எழுதுக. அது அரச நிறுவனமாதலின் தமிழில் எழுதவும் தமிழில் விடை பெறவும் நமக்கு உரிமை உண்டு. ஆங்கிலம் அறியாமையால் முறையிடாதிருந்தோம் என்று கூறுவோரை நாம் பலமுறை கண்டுள்ளோம். நல்ல தமிழில் எழுதப்பட்ட தெளிவான கடிதம் எவ்விடத்தும் செல்லும்.

முடிவுரை

தொகுத்துரைப்பாம். விளம்பரத்தை நோக்காது தம் இடத்திலும் தம் நேரத்திலும் சோதித்தறிக. சொல்லின் பொருளை உணர்ந்து கையொப்பமிடுக. எண்ணைத் தம் பெயரில் வைத்திருக்க. குடும்பத்தாலும் வழியாலும் வேறான இரு சேவைகளையும், அவற்றை இயக்க ஒரு சிறு பற்றரியையும் கொள்க. வேகமும் மலிவும் நல்ல நாளிற் பயன்தருவன. கெட்ட நாளில் நிற்பதே நம்பகமான சேவை.

மாணவர் ஆராய்தற்குச் சில வினாக்கள் தருகின்றோம்.

1. உம் ஊரிலுள்ள ஒரு சிறுகடையைத் தேர்ந்து, அங்கு மூன்று குடும்பத்துச் சேவைகளையும் ஒரு வாரம் சோதித்து அட்டவணை இடுக.

2. ‘வரை’ என்னும் சொல் எல்லையைக் குறிக்குமாறு மூன்று விளம்பரங்களிலிருந்து எடுத்துக்காட்டி, மெய்ப்பொருளை எழுதுக.

3. நூற்றுக்கு 98 பங்கு நேரம் இயங்கும் சேவை ஆண்டில் எத்தனை நாள் நிற்கும்? அத்தகைய தொடர்பற்ற இரு சேவைகள் ஒருங்கே நிற்பது எத்தனை மணித்தியாலம்?

4. சேவைத் தடை குறித்து ஆணைக்குழுவிற்கு ஒரு பக்கத்தில் முறைப்பாட்டுக் கடிதம் வரைக.

கடையும் வாடியும் விடுதியும் நடத்தும் பழைய மாணவர், இவ்விளைஞர் கொப்பியோடு வரும்போது அவரைத் தம் வாசலில் அமர்த்தித் தம் பட்டறிவையும் கூறுவாராயின், கல்விக்கும் தொழிலுக்கும் அது நயமாகும். விழாக் காணும் நம் கல்லூரியும், அது பெற்றெடுத்த மக்களும், இக்கரையின் வணிகமும் நீடு வாழ்க.